அக்காவுக்குப் பாம்பென்றால் பயம்

எங்கள் பேராசிரியர் தங்கமான மனிதர். தலைப்பு வைப்பதில்தான் அவருக்குக் கொஞ்சம் பலவீனம். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் வகுப்புக்குள் வந்தவர், வருகைப் பதிவேட்டைக்கூடத் திறக்காமல் நேரே கரும்பலகைக்குப் போய், ‘அலையாத்திச் சூழலியலும் தொல்குடிப் பண்பாடும்: எண்ணிமக் கதைசொல்லல் வழியே ஒரு சமூகப் பங்கேற்பு முயற்சி’ என்று எழுதினார். பலகை முடிந்தும் தலைப்பு முடியவில்லை. ‘முயற்சி’ மட்டும் கீழே இறங்கி மூலையில் ஒண்டிக்கொண்டது.

கடைசி பெஞ்சிலிருந்து புவனகிரிக்காரன் எழுந்தான். “சார், இதுல நாங்க என்னா செய்யணும்?”

“கேமராவ எடுத்துக்கிட்டு பிச்சாவரம் போவணும்” என்றார் அவர். அதையே பலகையில் எழுதியிருந்தால் சுண்ணாம்புக்கட்டி மிச்சமாகியிருக்கும்.

நான் அப்போது சிதம்பரத்தில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அப்பா மார்க்கெட் பக்கத்தில் குடையும் பையும் விற்கும் கடை வைத்திருந்தார். தினமும் காலையில் கடலூரிலிருந்து பேருந்து பிடித்து, பாதி தூரம் நின்றும் பாதி தூரம் யாருடைய மடியிலாவது புத்தகப் பையை இறக்கிவைத்தும் சிதம்பரம் போய்ச் சேருவேன். புவனகிரிக்காரன் என் வகுப்புத் தோழன். விவசாயக் குடும்பம். அவனுடைய மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். அதனால் அவனிடம் கேமரா இருந்தது. நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். அதனால் என்னிடம் வார்த்தைகள் இருந்தன. இந்த இரண்டு தகுதிகளையும் பார்த்துப் பேராசிரியர் எங்களை ஒரு குழுவாகச் சேர்த்தார். எங்களுக்கு வந்த தொல்லையெல்லாம் இந்த இரண்டு தகுதிகளாலும்தான் வந்தது.

வேலை இதுதான். பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் ஓரத்தில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. உப்பனாற்றில் வலையில்லாமல் வெறும் கையால் இறால் பிடிப்பவர்கள். நாங்கள் அவர்களிடம் போக வேண்டும். அவர்கள் தங்கள் கதையைத் தங்கள் குரலிலேயே சொல்ல, மூன்று நிமிடப் படமாகச் செய்து தர வேண்டும். ஏப்ரலில் பல்கலைக்கழக அரங்கில் திரையிடுவார்கள்.

முதல் நாள் சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கிள்ளை வழியாகப் போய் இறங்கி, வெயிலில் நடந்து அந்தக் குடியிருப்பை அடைந்தோம். ஒரு வீட்டு வாசலில் பூவரச மர நிழலில் உட்கார்ந்து ஒரு பெண் ஓலைக்கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவளாக இருப்பாள். நான் “வணக்கம் அக்கா” என்று ஆரம்பித்ததும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“எந்தக் காலேஜு?”

சொன்னேன்.

“உக்காருங்க. மொதல்ல சுனாமியப் பத்திக் கேப்பீங்க. அப்புறம் பாட்டுப் பாடச் சொல்லுவீங்க. அப்புறம் பாம்பப் பத்திக் கேப்பீங்க. வரிசையாவே கேட்டுடுங்க, நான் தண்ணி வடியறதுக்குள்ள எறங்கணும்.”

நான் நோட்டுப் புத்தகத்தை மெதுவாக மூடினேன். முந்தின நாள் இரண்டு மணி நேரம் செலவழித்துத் தயாரித்த கேள்விகள் அதில் இருந்தன. முதல் கேள்வி சுனாமி. ஐந்தாவது கேள்வி பாட்டு. பாம்பு எட்டாவதாக இருந்தது.

சுனாமிக்குப் பிறகு அந்தக் காடு பெயர் வாங்கிவிட்டது. காடு அலையைத் தடுத்தது என்று எழுத எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களெல்லாம் அக்காவின் பூவரச மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அவளுடைய கையின் நீளத்தைக்கூட அளந்துகொண்டு போனாராம். “எதுக்கு அளந்தாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல. சொக்கா தச்சி அனுப்புவாருன்னு பாத்தேன், வரல.”

புவனகிரிக்காரன் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தான். “அக்கா, நாங்க அப்புடி இல்ல. இது டிஜிட்டல் கதை.”

அதைக் கேட்டதும்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். “டிஜிட்டலா? எங்க நாத்தனாரு கொழந்தைக்கு அடுத்த மாசம் காதுகுத்து. பெருசா ஒண்ணு அடிச்சித் தரீங்களா? எல்லார் போட்டோவும் வரணும். எங்க வீட்டுக்காரரு போட்டோ நடுவுல.”

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் டிஜிட்டல் என்றால் தெருமுனையில் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர்தான். நாங்கள் செய்யப்போவது அதுவல்ல என்று விளக்கக் கால் மணி நேரம் ஆனது. விளக்கி முடித்தபோது அக்காவின் முகத்தில் அந்த வெளிச்சம் போயிருந்தது. கடைசியில் புவனகிரிக்காரன் தன் மாமாவிடம் சொல்லி அந்தப் பேனரையும் அடித்துக் கொடுத்தான். அந்த வீட்டில் எங்களுக்கு முதல் மரியாதை கிடைத்தது அதற்காகத்தான். படகுத்துறையில் சுற்றுலாக்காரர்களுக்குத் துடுப்புப் போடும் அக்காவின் கணவர், பேனரின் நடுவில் தன்னைப் பார்த்த அன்றிலிருந்து அவனை ‘மச்சான்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

இரண்டாம் முறை அக்கா எங்களையும் தண்ணீருக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் வடியும் நேரம். அவள் கழுத்தளவு நீரில் முட்டிபோட்டு, சேற்றைத் துழாவிக்கொண்டே முன்னால் நகர்ந்தாள். பிடிக்கிற இறாலைப் போட ஒரு சிறிய ஓலைக்கூடை, பறி என்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும்.

நான் கரையிலிருந்து பேட்டியைத் தொடங்கினேன்.

“அக்கா, இந்தக் காட்டுக்கும் உங்களுக்கும் இருக்கிற உறவை எப்படிச் சொல்வீங்க?”

“ம்ம்.”

“தலைமுறை தலைமுறையா வர்ற இந்த அறிவை எப்படிக் கத்துக்கிட்டீங்க?”

“ம்ம்ம்.”

ஏழு கேள்விகளுக்குப் பிறகுதான் வாயில் கயிறு இருப்பவளிடம் கேள்வி கேட்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. முதுகலை இரண்டாம் ஆண்டு.

இதற்கிடையே புவனகிரிக்காரன் நல்ல கோணம் வேண்டும் என்று தண்ணீருக்குள் இறங்கினான். “நான் வெள்ளாத்துல நீச்சலடிச்சி வளந்தவன்” என்று அறிவித்துவிட்டுத்தான் இறங்கினான். மூன்றாவது அடியில் முழங்கால் வரை சேறு வாங்கிக்கொண்டது. நான்காவது அடி எடுத்துவைக்க முயன்றபோது கால் வரவில்லை. கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மனுக்குப் பால்குடம் எடுப்பவன் போல நின்றான். அக்கா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பறி போய்விடும். கயிற்றைக் கடித்தபடியே அவள் தோள்கள் குலுங்கிய குலுங்கலில் தண்ணீரில் அலையே வந்தது. கடைசியில் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்து முடித்துவிட்டுத்தான் அவனைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவனுடைய செருப்புகள் இன்னும் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன.

அடுத்த வாரம் நான் பின்னணிக் குரலுக்கு உரை எழுதிக்கொண்டு போனேன். அக்கா பேச வேண்டிய வசனம். ‘அலையாத்திக் காடே! எம்மை ஈன்ற அன்னையே! உன் வேர்களில் அல்லவோ எம் வேர்கள் பின்னிக் கிடக்கின்றன!’ என்று தொடங்கும். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அக்கா அதிகம் படித்தவள் இல்லை என்பதால் நானே உருக்கமாக வாசித்துக் காட்டினேன்.

அவள் கேட்டுவிட்டு, “யாரு அன்னை?” என்றாள்.

“காடுதான் அக்கா.”

“காடு எங்கம்மா இல்ல. எங்கம்மா கிள்ளையில எங்க அண்ணன் வூட்ல இருக்குது.” கொஞ்சம் யோசித்து, “அம்மான்னா நாம கேக்காமலே சோறு போடும். இங்க அப்புடியா? தேடித் தேடி எடுக்கணும். ஒரு நாளு இருக்கும், ஒரு நாளு இருக்காது. நீ அம்மான்னு எழுதிட்டுப் போயிருவ, எங்கம்மா பாத்தா சண்டைக்கி வந்துரும்” என்றாள்.

“அப்போ காடு உங்களுக்கு என்னதான்?”

“காடு காடுதான். வேலை செய்யற எடம்.”

அந்த உரையை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. திரும்பும் வழியில், அக்காவும் கணவரும் எங்களைக் கொண்டுவிட வந்த படகு ஓடை ஒன்றுக்குள் திரும்பியபோது, கரையோரம் நின்ற ஒரு மரத்தைக் காட்டி, தில்லை மரம் அதுதான் என்று அக்கா சொன்னாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம். சிதம்பரத்தில் சன்னதியைச் சுற்றிக் குடியிருக்கும் என் தோழிகளில் ஒருத்தியும் அதை நேரில் பார்த்தது கிடையாது. நான் பக்தியோடு கையை நீட்டினேன்.

“கைய எடு!” என்று அக்கா கத்திய கத்தலில் படகே ஆடியது. “அது பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிரும். தோலுல பட்டா கொப்பளிச்சிரும். இதத் தொடக் கூடாதுன்னு எங்க வூட்டுக் கைக்கொழந்தைக்கே தெரியும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இரங்கி, “தூரமா நின்னு கும்புட்டுக்க” என்றாள். கும்பிட்டுக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில் நாங்கள் எடுத்தவற்றைப் பேராசிரியர் பார்த்தார். துறையில் ஒரே ஒரு கணினியில்தான் படத்தொகுப்பு செய்ய முடியும். தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு வேறு. மின்சாரம் போவதற்குள் அவசரமாகப் பார்த்து முடித்து, அவர் மோவாயைத் தடவினார்.

“எல்லாம் சரிதான். ஆனா இருளர்னா பாம்பு இல்லாம எப்புடி? பாக்கறவங்க எதிர்பாப்பாங்க இல்ல? ஒரு ஷாட்டாவது வேணும்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். என் எட்டாவது கேள்வி இன்னும் நோட்டில் அப்படியே இருந்தது.

புவனகிரிக்காரன் ஒரு வழி கண்டுபிடித்தான். கீழ சன்னதியில் பொம்மைக் கடையில் ரப்பர் பாம்பு விற்பார்கள். ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அக்கா அதைக் கையில் பிடித்தபடி, தூரத்திலிருந்து ஒரு காட்சி, யாருக்கும் தெரியாது. முதலில் அக்காவிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம் என்றுதான் திட்டம். ஆனால் அவன் பையிலிருந்து அதை உருவிய விதத்தில் சொல்லும் பகுதி விடுபட்டுப்போனது.

அக்கா அப்போது வீட்டை ஒட்டிய ஓடைப் படியில் நின்று பறியை அலசிக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டில் வைத்த கேமரா அவளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினாள், பார்த்தாள். “ஐயோ!” என்று ஒரே சத்தம். அடுத்த கணம் அவள் தண்ணீருக்குள் இருந்தாள். புடவையோடு, பறியோடு, அலசிய கையோடு. அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் குரைத்தன.

அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய தங்கை வெளியே வந்தாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். அக்கா வீட்டில் தங்கித்தான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். கையில் கணக்குப் புத்தகம். எங்களோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் வரும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படிப்பதோடு சரி. அவள் அந்த ரப்பர் பாம்பை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

புவனகிரிக்காரன் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“நீங்களுமா?” என்றாள் அவள். “பத்தாவது முடிச்சிட்டு ஹாஸ்டல்ல சேந்து படிக்கணும்னா எனக்கு ஜாதி சர்ட்டிபிகேட் வேணும். எழுதிப் போட்டோம். விசாரிக்க ஒருத்தரு வந்தாரு. இருளர்னா பாம்பு புடிப்பீங்களே, ஒண்ணு புடிச்சிக் காட்டுங்கன்னாரு. நாங்க எறா புடிக்கறவங்க சார், பாம்பு புடிக்க மாட்டோம்னு அக்கா சொல்லிச்சி. அப்போ நீங்க இருளரே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.”

அக்கா படியேறி வந்து புடவையைப் பிழிந்துகொண்டே, “வுடுடீ, பாவம், அவுங்களுக்கு என்னா தெரியும்” என்றாள்.

அந்தப் ‘பாவம்’ எங்கள் இருவருக்கும் நன்றாகப் போய்ச் சேர்ந்தது. விசாரிக்க வந்தவர் ஒரே நாளில் கேட்டதை நாங்கள் இரண்டு மாதம் பழகிய பிறகு, பொம்மை வாங்கிக்கொண்டு வந்து கேட்டிருக்கிறோம். நான் நோட்டை எடுத்து அந்த எட்டாவது கேள்வி இருந்த தாளைக் கிழித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

தங்கைதான் பிறகு கேட்டாள். “இந்தக் கேமரால பேசுனா, ஆபீஸ்ல போட்டுக் காட்டலாமா?”

பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே அவள் எங்களை வேலை வாங்க ஆரம்பித்துவிட்டாள். அக்காவை எங்கே உட்காரவைப்பது, எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது, எல்லாம் அவள்தான். நான் ஒரு இடத்தில் “இங்கே கொஞ்சம் உருக்கமா…” என்று வாயைத் திறந்தேன். “வேணாங்க்கா” என்றாள், அவ்வளவுதான். புவனகிரிக்காரன் சேற்றில் மாட்டிக்கொண்டு கேமராவைத் தூக்கிப் பிடித்தபோது, கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வானம், காக்காய், அவனுடைய முனகல், அக்காவின் சிரிப்பு. தங்கை அதைப் பார்த்துவிட்டுப் படம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றாள்.

அக்கா பேசியது ஒரே மூச்சில் எடுத்தது. ஒத்திகை கிடையாது.

“நாங்க இருளரு. எனக்குப் பாம்புன்னா ரொம்ப பயம். தண்ணிப்பாம்பக் கண்டாலே ஓடிருவேன். எங்க வூட்டுக்காரரு என்னவிட பயந்தாங்கொள்ளி, ஆனா வெளியில சொல்ல மாட்டாரு. நாங்க எறா புடிப்போம். தண்ணி எப்போ ஏறும், எப்போ வடியும், எந்த ஓடையில எந்த மாசம் எறா ஜாஸ்தின்னு கேளுங்க, சொல்றோம். கன்னியம்மாவக் கும்புடுவோம். அதுக்கு எப்புடிச் செய்வோம்னு கேளுங்க, சொல்றோம். தெரிஞ்சதக் கேக்காம தெரியாததையே கேட்டா நாங்க என்னா பண்றது? பாம்பு புடிக்கலன்னா இருளரே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாரு ஒரு ஆபீஸரு, சர்ட்டிபிகேட் வரல. எங்க தங்கச்சி படிக்கணும். அதுவும் பாம்பு புடிக்காது.”

அலையாத்தி வேர்கள், பறி, சேற்றைத் துழாவும் கைகள், தண்ணீரில் குதிக்கும் அக்கா, கடைசியில் கணக்குப் புத்தகத்தோடு நிற்கும் தங்கை. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

பேராசிரியரிடம் போட்டுக் காட்டினோம். பாம்பைக் கேட்டவர் அவர் என்பதால் என்ன சொல்வாரோ என்று பயம். அவர் பார்த்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போடச் சொன்னார். பாதியில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில், “நானும் அந்த ஆபீஸரு மாதிரிதான் கேட்டிருக்கேன், இல்ல?” என்றார். மின்விசிறி நின்றுபோன அறையில் அவர் எழுந்து போகாமல் எங்களோடே உட்கார்ந்திருந்தார்.

மின்சாரம் வந்ததும் பழைய மனிதர் திரும்பிவிட்டார். “இதுக்குத் தலைப்பு?”

“‘எங்க அக்காவுக்குப் பாம்புன்னா பயம்’னு அந்தப் பொண்ணு வச்சிருக்குது சார்.”

“‘அரவம் அஞ்சும் ஆரணங்கு’ன்னு வைக்கலாமே?”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆசிரியரிடம் “வேணாம் சார்” என்று சொன்னேன். தங்கையிடம் கற்றுக்கொண்டது.

திரையிடலுக்கு, ஜாதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் வருவாய்த்துறை உயர் அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்தார். அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். முன்வரிசையில் உட்காரச் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. “முன்னாடி உக்காந்தா யார்னாச்சும் பாடச் சொல்லிருவாங்க” என்று மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டாள். படம் தொடங்கி, புவனகிரிக்காரன் முனகியதும் அரங்கம் சிரித்தது. அக்கா தண்ணீரில் குதித்தபோது அந்த அதிகாரியும் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா பேச ஆரம்பித்ததும் கூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “எங்க தங்கச்சி படிக்கணும்” என்ற இடத்தில் நிறுத்தினார். விளக்கு போட்ட பிறகு எழுந்து உரையாற்ற வேண்டியவர், கையிலிருந்த தாளை மடித்துவிட்டு, “அந்தம்மா வந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

அக்கா கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வது போல.

“அடுத்த வாரம் அந்த சிடியோட ஆபீசுக்கு வாங்க.”

நான், அக்கா, தங்கை மூவரும் போனோம். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அங்கே கணினியில் சிடியைப் போட்டால் ‘கிர்’ என்று சத்தம் வந்ததே தவிர படம் வரவில்லை. எழுத்தர் அதை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்து மறுபடி போட்டார். பிறகு நான் துடைத்தேன். நாங்கள் இரண்டு மாதம் மின்வெட்டோடு மல்லுக்கட்டிச் செய்த எண்ணிமக் கதை அந்த மேசையில் பொட்டு வைக்கும் கண்ணாடி மாதிரி பளபளவென்று கிடந்தது.

அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பினாள். “சார், படத்த எதுக்குத் தொடச்சிக்கிட்டு? வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கித் தண்ணி வடியும். நேருல வாங்களேன்.”

ஆச்சரியம், அதிகாரியே வந்தார். உடன் ஒரு உதவியாளரும் வந்தார். அக்கா தண்ணீரில் இறங்கி, பறியைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அதிகாரி கரையில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் கயிறு இருப்பவளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. உதவியாளர் மட்டும் பழக்கதோஷத்தில், “சார், படிவத்துல பாம்பு பத்தி ஒரு கட்டம் இருக்குது, அதுல என்னா எழுத…” என்று ஆரம்பித்தார். அதிகாரி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் குடையை விரித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். பிறகு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, கன்னியம்மா வழிபாடு, கல்யாணச் சடங்கு, யார் எங்கிருந்து வந்தார்கள் என்று அதிகாரி கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பதில்களின் நீளம் எனக்கே புதிது. எனக்கு இரண்டு மாதத்தில் இதில் பாதி கிடைக்கவில்லை.

சான்றிதழ் உடனே வந்துவிடவில்லை. பத்தாம் வகுப்பு முடிவு வந்தது, தங்கை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள், பள்ளிக்கூடம் திறந்தது. சான்றிதழ் வரும் என்ற நம்பிக்கையில் விடுதிக் காப்பாளர் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் தங்கை எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் திருப்பிக் கூப்பிட்டால், “இன்னும் வரலங்க்கா” என்பாள். ஜூலையில் ஒரு நாள் மிஸ்டு கால் வரவில்லை. நேராகவே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் அக்காவின் குரல், கணவரின் குரல், நாய்களின் குரைப்பு எல்லாம் சேர்ந்து கேட்டதில் தங்கை பேசியது ஒன்றுமே புரியவில்லை. புரியாமலே புரிந்துவிட்டது.

எங்கள் படம் எந்த விழாவுக்கும் போகவில்லை. பேராசிரியர் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பை நான் இங்கே எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஆனால் கட்டுரைக்குள் தான் பாம்புக் காட்சி கேட்டதை அவர் மறைக்காமல் எழுதியிருந்தார். புவனகிரிக்காரன் மாமாவோடு கல்யாண வீடியோ தொழிலுக்கே போய்விட்டான். நான் படிப்பு முடித்துக் கடலூரில் ஒரு கேபிள் டிவியில் உள்ளூர்ச் செய்தி எழுதவும் வாசிக்கவும் சேர்ந்தேன். ‘அன்னையே’ என்று வரும் வாக்கியங்களை வெட்டுவதுதான் அங்கே என் முக்கியமான வேலை.

2012இல் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். சிதம்பரத்திலேயே இளங்கலையில் இடம் கிடைத்தது, தாவரவியல் எடுத்தாள். அக்கா போன் செய்தாள். “ஹாஸ்டலுக்குப் பெட்டி, பக்கெட்டு, பூட்டெல்லாம் வாங்கணுமாம். நீதான அங்க படிச்சவ, வந்து காட்டு.” நான் விடுதியில் தங்கியதே இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மேல வீதியில் மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். அக்கா பக்கெட்டுகளைக் கவிழ்த்து, தட்டி, காதை வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர், “என்னாம்மா, எந்த ஊரு?” என்றார்.

“பிச்சாவரத்துப் பக்கம். தங்கச்சிய இங்க காலேஜுல சேத்திருக்கோம். காட்டுல இருக்கற மரத்தையெல்லாம் படிக்கப் போறா” என்றாள் அக்கா, கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

“செடி கொடியுந்தான்” என்று தங்கை திருத்தினாள்.

“அதெல்லாமுந்தான்” என்றாள் அக்கா, பச்சைப் பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்துத் தட்டிப் பார்த்தபடி.